எண்ணைச் சுமக்கும் கூலி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அம்மா போன் பண்ணினாள். "ஏட்டி, இங்க மழ விட்ட பாடில்ல. ஆத்துத் தண்ணி தெருமுக்கு வரைக்கும் வந்துட்டு. இன்னும் பெய்யுமா நிக்குமா, உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு." நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது. அடுத்து அவள் குரலைக் கேட்க இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டு மச்சில் பன்னிரண்டு பேரோடு இருந்திருக்கிறாள்.

'உன் கம்ப்யூட்டர்' என்று அவள் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1999-இலிருந்து ஏழு வருஷம் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு எந்திரத்துக்காக எழுதிய வளிமண்டல நிரலை இன்னொரு எந்திரத்தில் ஓட வைப்பதுதான் வேலை. மழையைக் கணித்தவள் இல்லை நான். அடுப்பு போட்டுக் கொடுத்தவள். சமைத்தவர்கள் வேறு ஆட்கள். இந்த வித்தியாசத்தை அம்மாவிடம் இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் எண்கள் வந்தன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பக்கத்து ஊர் திருச்செந்தூரில் 69. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் இருப்பதிலேயே பெரியது 'அதி கனமழை', 20 செ.மீ. சொச்சத்தில் அது தொடங்கிவிடும், அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அதே பெயர்தான். "கோடி கோடியா குடுத்து கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்காங்களே, இதச் சொல்ல முடியாதா?" என்று அந்த வாரம் என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கணினிக்குள் வானம் என்பது கட்டங்கள். உலகம் முழுக்க ஒரு வலையை விரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுக்கடுக்காக வெப்பம், ஈரம், காற்று, அழுத்தம் என்று எண்களை வைக்கிறோம். சில நிமிஷம் கழித்து அந்த எண்கள் என்னவாகும் என்பதை இயற்பியல் சமன்பாடுகள் சொல்லும். அதிலிருந்து அடுத்த சில நிமிஷம், அப்படியே பத்து நாள் வரை. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'மாதிரி' என்று பெயர். அப்போது நம் நாட்டின் உலகளாவிய மாதிரியில் கட்டத்தின் அகலம் சுமார் 12 கி.மீ. காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஒரே கட்டத்துக்குள் விழும். மிஞ்சினால் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த 26 செ.மீ. வித்தியாசம் அதில் உட்கார இடமே கிடையாது. கொட்டுகிற மேகத்தின் அகலம் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் மாதிரிக்கு அந்த மேகம் தெரியவே தெரியாது. 'இவ்வளவு ஈரமும் இவ்வளவு சூடும் இருந்தால் இங்கே மேகம் கிளம்பியிருக்கும், இவ்வளவு பெய்திருக்கும்' என்று ஒரு சூத்திரத்தை வைத்து ஒப்பேற்றுவோம்.

கட்டத்தைச் சிறிசாக்க வேண்டியதுதானே? பாதியாக்கினால் நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு, ஆக நான்கு மடங்கு கட்டம். அதோடு முடிவதில்லை. ஒரு காலத் தாவலில், அதாவது கணக்கு ஒரு தடவை முன்னேறுகிற அந்தச் சில நிமிஷத்தில், காற்றின் அலையானது ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால் கணக்கு வெடித்துவிடும் என்று குரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூயி என்ற மூன்று கணிதவியலாளர்கள் 1928-இலேயே காட்டிவிட்டார்கள். கட்டம் பாதியானால் காலத் தாவலும் பாதியாக வேண்டும். மொத்தம் எட்டு மடங்கு வேலை. 12 கி.மீ.யிலிருந்து 3 கி.மீ.க்கு வர 64 மடங்கு, 1.5-க்கு வர 512 மடங்கு. செங்குத்து அடுக்குகளைக் கூட்டுவது தனிச் செலவு. எட்டு மடங்கு வேகமான எந்திரம் வந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்தால், கட்டம் பாதியாகும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற கணக்கு. ஏழு வருஷம் அந்த வேலையில் உழன்றபின் எனக்குப் பட்டது வேறொன்று. பெரிய கணக்குகளில் கூட்டலும் பெருக்கலும் நம் கழுத்தைப் பிடித்த நாட்கள் குறைவு. எண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற கூலிதான் எப்போதும் பிடித்திருக்கிறது.

*

சமன்பாடுகளை வைத்து வானிலையைக் கணக்கிட முதலில் முயன்றவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். போரை மறுக்கிற கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களில் ஒருவர். போரில் ஆயுதம் எடுக்க மாட்டார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டார். 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் எடுத்த அளவீடுகளை வைத்து, அடுத்த 6 மணி நேரத்தில் அழுத்தம் எப்படி மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். விடை: 145 மில்லிபார் ஏறும். உலகில் அளந்ததிலேயே மிக ஆழமான புயல் 1979-இன் டிப். அதன் மையத்தில் 870 மில்லிபார். வழக்கமான அழுத்தத்துக்கும் அதற்கும் உள்ள தூரமே 143 தான். அன்று உண்மையில் அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வந்த வினை அது. பின்னாளில் பீட்டர் லிஞ்ச் என்ற வானிலையியலாளர் அந்த எண்களைச் சமன்படுத்திவிட்டு அதே கணக்கைப் போட்டபோது நம்பும்படியான விடை வந்தது.

கையெழுத்துப் பிரதி 1917-இல் சண்டைக்கு நடுவே தொலைந்து, சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922-இல் புத்தகமாக வந்தது. தோற்ற விடையை மறைக்காமல் அப்படியே அச்சிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதைவிடப் பிடித்தது அதில் அவர் காணும் ஒரு கனவு. பெரிய வட்ட அரங்கம், சுவரெங்கும் உலக வரைபடம், 64,000 பேர் உட்கார்ந்து அவரவர் நிலப்பகுதிக்கு மட்டும் கணக்கு போடுகிறார்கள். ஒவ்வொருவர் எண்ணும் சிறு பலகையில் ஒளிர, பக்கத்துப் பகுதிக்காரர் எட்டிப் பார்த்துக்கொள்கிறார். நடுவே உயரமான மேடையில் ஒருவர்: முந்தி ஓடுகிற பகுதிமேல் ரோஜா நிற விளக்கையும் பின்தங்குகிற பகுதிமேல் நீல விளக்கையும் அடிக்கிறார்.

நான் இதை முதலில் படித்தது ஒரு ராத்திரி ஷிப்டில். சிரித்தேன். பிறகு என் திரையைப் பார்த்தேன். மேகம் அதிகமாக இருக்கிற பகுதியை வாங்கிய செயலி (பிராசசர்) திணறிக்கொண்டிருக்க, வெயில் பகுதியை வாங்கியவை வேலை முடித்து வெறுமனே காத்துக் கிடந்தன. நீல விளக்கு அடிக்க எனக்கு ஆள் இல்லை.

ரிச்சர்ட்சனின் அரங்கத்தில் ஒருவர் பக்கத்திலிருப்பவர் எண்ணைத் தலையைத் திருப்பினால் பார்த்துக்கொள்ளலாம். 1950-இல் நிஜமான முதல் கணினிக் கணிப்பு நடந்தபோது அந்த வசதி கிடையாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் அபர்தீன் ராணுவத் தளத்தில் எனியாக் என்ற கணினி: சுமார் 18,000 வால்வு, 30 டன் எடை. பத்து இலக்க எண்கள் இருபதைத்தான் அதன் வேக நினைவில் வைத்துக்கொள்ள முடியும். இருபது! அதற்கேற்ப, கணிப்புக் குழுவின் வானிலையியலாளர் ஜூல் சார்னி கேள்வியையே இளைக்க வைத்தார். ஒலியலை வேண்டாம், ஈர்ப்பலை வேண்டாம், அடுக்குகள் வேண்டாம்; ஒரே அடுக்கு, காற்றின் சுழிப்பைச் சொல்லும் ஒரே சமன்பாடு. வேகமான அலைகள் ஒழிந்ததால் காலத் தாவலை நீளமாக வைக்க முடிந்தது; ரிச்சர்ட்சனை வீழ்த்திய சிக்கலும் அதோடு போனது. மொத்தம் 270 புள்ளிகள், 736 கி.மீ. இடைவெளி. அந்த வலையைத் தமிழ்நாட்டின் மேல் விரித்தால் மாநிலத்துக்கு ஒரு புள்ளி விழுந்தால் அதிர்ஷ்டம்.

24 மணி நேரக் கணிப்புக்குக் கிட்டத்தட்ட 24 மணி நேரம் பிடித்தது. வானிலையோடு சேர்ந்தே ஓடியது எந்திரம். அதில் பெரும்பங்கு துளை அட்டைகளைப் படிக்கவும் அச்சிடவும் பிரிக்கவும் அடுக்கவும் போனது என்று சார்னி குழுவினர் தங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். சுமார் ஒரு லட்சம் அட்டைகள். கணக்கு போட்டது வால்வு. சுமந்தது மனுஷக் கை. (அந்தக் குழுவுக்கு எனியாக்கில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து, கடைசி நிரலைச் சரிபார்த்தவர் கிளாரா வான் நியூமன். அவர் கணவர் ஜான் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது. இவர் பெயர் நன்றி சொல்லும் பத்தியில்.)

சார்னியின் அந்தச் சுருக்கம் நம் பக்கத்துக்கு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றும் அழுத்தமும் பூமியின் சுழற்சியால் ஒரு சமநிலைக்கு வருகின்றன என்பது அதன் அடிப்படை. நடு அட்சரேகைகளில் அது பலிக்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தச் சுழற்சி விசை மெலிந்துவிடும். வங்காள விரிகுடாவில் மழையைத் தீர்மானிப்பது மேகங்கள் தமக்குள் விடுகிற வெப்பம். எளிய எந்திரத்துக்காக இளைக்க வைத்த கேள்வி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் முப்பது வருஷம் முன்னதாகவே விடை கொடுத்தது. நாம் பெரிய எந்திரம் வரக் காத்திருந்தோம்.

இடையே ஒரு சின்ன எந்திரத்தையும் மறக்கக்கூடாது. 1961-இல் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலையியலாளர் வைத்திருந்த மேசை அளவு எல்.ஜி.பி. 30. அந்தக் காலத்துக்கே வேகமான எந்திரம் இல்லை, ஆனால் அவர் அறைக்குள்ளேயே இருந்தது. பாதியில் நின்ற ஓட்டத்தைத் தொடர, அச்சிட்ட தாளைப் பார்த்து 0.506 என்று தட்டினார். உள்ளே இருந்தது 0.506127. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வானிலை வேறெங்கோ போயிருந்தது. கணிப்புக்கு ஒரு எல்லை உண்டு என்று உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். வரிசையில் நின்று நேரம் வாங்குகிற பெரிய கணினியாக இருந்திருந்தால், ஓடி முடிந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க யார் விடுவார்கள்?

*

எழுபதுகளில் வந்தது கிரே. சீமூர் கிரே தன் சொந்த நிறுவனத்தில் செய்த முதல் சூப்பர் கணினி, 1976. அதன் வேலை முறையை எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி என்று புதுசாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். நீள வரிசையாக இலை. உப்பு வைப்பவர் முதல் இலையை முடித்து இரண்டாவதுக்குப் போகும்போதே கூட்டுக்காரர் முதல் இலைக்கு வந்துவிடுவார், பின்னால் சோறு, பின்னால் சாம்பார். யாரும் சும்மா நிற்பதில்லை. கிரே இப்படி 64 எண்களை ஒரு வரிசையாகப் பிடித்துக்கொண்டு பரிமாறும். வரிசை நீளமாக இருந்தால் அமோகம். பத்தே இலை என்றால் வாளி தூக்கிவந்த நேரம் வீண். நடுவே ஒருத்தர் 'எனக்கு மட்டும் ரசம் முதல்ல' என்றால் மொத்தப் பந்தியும் நிற்கும். நிரலில் 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று ஒரு வரி வருவது அதுதான்.

அதனால் அந்தக் காலத்து நிரல்களில் எல்லாம் நீள நீள வரிசை. ஒரு அட்சரேகை முழுவதையும் ஒரே மூச்சில் சுற்றி வருகிற மாதிரி எழுதியிருப்பார்கள். இங்கிலாந்தின் ரெடிங்கில் இருக்கிற ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் 1979 ஆகஸ்டில் தினசரிக் கணிப்பைத் தொடங்கியதே ஒரு கிரே 1-ஏ எந்திரத்தில்தான். 1983-இல் அவர்கள் கட்டப் புள்ளிகளை விட்டுவிட்டு அலை முறைக்கு மாறினார்கள்: உலகத்துக் காற்றைப் பெரிய அலை, சிறிய அலை என்று பிரித்து, அந்த அலைகளின் அளவை வைத்தே கணக்கு. துல்லியம் அதிகம், நீள வரிசை எந்திரத்துக்குக் கச்சிதம். ஒவ்வொரு தாவலிலும் அலையிலிருந்து புள்ளிக்கும் புள்ளியிலிருந்து அலைக்கும் மாற வேண்டும். எல்லா எண்ணும் ஒரே நினைவகத்துக்குள் இருந்ததால் அது அப்போது ஒரு பொருட்டே இல்லை.

நம் ஊருக்கு கிரே வந்த கதை பலருக்குத் தெரியும். அமெரிக்காவிடம் இரண்டு செயலி உள்ள கிரே எக்ஸ்-எம்.பி. கேட்டோம், ஒரு செயலி உள்ளதைக் கொடுத்தார்கள். டில்லியில் 1988-இல் தொடங்கிய தேசிய இடைக்கால வானிலைக் கணிப்பு மையத்துக்கு அது போனது. அதே வருஷம் புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் தொடங்கியது; 1991-இல் டிரான்ஸ்பியூட்டர் என்ற சிறு செயலிகளைக் கோத்து பரம் 8000. அதற்கும் முன்பே 1986-இல் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகத்தில் ஃபுளோசால்வர் என்ற கணினி. கேட்டது கிடைக்காததால் பிறந்த வைராக்கியம் என்று இதைச் சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் ஒரு பெரிய சமையல்காரருக்குப் பதில் அறுபத்து நாலு சின்னச் சமையல்காரர்கள் என்ற திசையில் உலகமே போய்க்கொண்டிருந்தது. நாம் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடப்பட்டோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அலை வந்து முடிந்து, கடையில் வாங்குகிற சாதாரண பிசிக்களைக் கோத்து ஓட்டுகிற காலம். எங்களிடம் பதினாறு. ஒரு ஸ்விட்ச், 100 மெகாபிட் கேபிள், சதா இரைகிற ஏசி. கிரேக்காக ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய அலைமுறை நிரலை அதில் ஓட்ட வேண்டும். நான்கு பிசியில் நன்றாக ஓடியது. எட்டில் கொஞ்சம் வேகம் கூடியது. பதினாறில், எட்டில் ஓடியதைவிட மெதுவாக ஓடியது.

இளரத்தம். நிரலில் திரும்பத் திரும்ப ஓடுகிற உள்சுற்றைச் செதுக்கினால் சரியாகும் என்று முடிவு கட்டி மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். கணக்குப் பகுதி பாதி நேரமானது. மொத்த நேரம் ஏறக்குறைய அப்படியே நின்றது. எங்கள் மூத்தவர், கும்பகோணத்துக்காரர், குரலை உயர்த்தாத மனிதர், தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாய்க்கால் நல்லா வெட்டியிருக்கீங்கம்மா. மதகு எங்க அடைச்சிருக்குன்னு பாத்தீங்களா?"

அடைத்திருந்த மதகு, அலைக்கும் புள்ளிக்கும் மாறுகிற இடம். ஒரே நினைவகம் இருந்தபோது பொருட்டாக இல்லாதது இப்போது கேபிள் வழியாகப் போனது. கட்டமுறை என்றால் தீபாவளிக்கு இடது வீட்டுக்கும் வலது வீட்டுக்கும் மட்டும் பலகாரம் கொடுத்தால் போதும். அலைமுறையில் தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீடும் மற்ற எல்லா வீட்டுக்கும் தட்டு கொண்டுபோக வேண்டும். நான்கு வீட்டுக்கு 12 தட்டு, எட்டுக்கு 56, பதினாறுக்கு 240. வீடுகள் கூடக் கூட ஒவ்வொரு தட்டிலும் இருக்கிற முறுக்கு குறையும். ஆனால் தட்டு சிறிசானாலும் நடை அதே நடை. இந்தக் கூத்து ஒவ்வொரு காலத் தாவலுக்கும், பதினெட்டு அடுக்குக்கும் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தது. எல்லா அடுக்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரே நடையில் அனுப்பும்படி மாற்ற இரண்டு மாதம் ஆனது. பதினாறு, எட்டை ஜெயித்தது, கொஞ்சமாக. அன்றைக்கு நாங்கள் சர்க்கிள் வரைக்கும் நடந்துபோய் மசால் தோசை சாப்பிட்டோம்.

நீள வரிசைப் பழக்கமும் திரும்பக் கடித்தது. சாதாரண செயலிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு துரித நினைவகம்தான் உண்டு. கிரேக்காகப் போட்ட ஆயிரம் இலைப் பந்தியை அதில் விரித்தால் கடைசி இலைக்கு வருவதற்குள் முதல் இலையைச் சுருட்டி வெளியே போட்டிருக்கும். சின்னச் சின்னப் பந்தியாக வெட்ட வேண்டும். ஐரோப்பிய மையத்தின் நிரலில் இதற்கென்றே 'என்ப்ரோமா' என்று ஒரு எண் இருக்கிறது: பந்தியின் நீளம். நீள வரிசை எந்திரத்துக்குப் பெரிதாக, துரித நினைவக எந்திரத்துக்குச் சிறிதாக. எந்திரம் மாறும்போதெல்லாம் நிரலை மாற்றியெழுதாமல் இந்த எண்ணைத் திருகிக்கொள்ளலாம். யார் யோசித்தார்களோ, அவர்கள் கைக்கு ஒரு காப்பு போடலாம்.

*

2004 வாக்கில் இன்னொரு கதவு மூடியது. அதுவரை டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அதன் மின்சாரத் தேவையும் சிறுத்ததால் கடிகார வேகத்தை ஏற்றிக்கொண்டே போக முடிந்தது. பிறகு சூடு தாங்கவில்லை. மூன்று நான்கு கிகாஹெர்ட்ஸில் நின்றது இன்றும் பெரிதாக நகரவில்லை. நிரலைத் தொடாமல் இரண்டு வருஷம் காத்திருந்தால் தானாக வேகம் கூடும் என்ற சோம்பேறிச் சுகம் அதோடு போனது. ஒரு செயலிக்குள் இரண்டு கரு (கோர்), நாலு, அறுபத்து நாலு என்று பெருகியது. எல்லாம் வேகமாகக் கணக்கு போடும். ஆனால் எல்லாவற்றுக்கும் எண்ணைக் கொண்டுவருகிற வழி அதே வேகத்தில் அகலவில்லை.

நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்துவருகிற நேரத்தில் செயலி நூற்றுக்கணக்கான கணக்குகளை முடித்துவிடும். மின்சாரச் செலவிலும் அதே கதை. வானிலை நிரலுக்கு இது பெரிய சாபம்: ஒரு கட்டத்தின் எண்ணை எடுப்போம், இரண்டு மூன்று கணக்கு போடுவோம், திரும்ப வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம். பெட்டாஃபிளாப் (நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு) என்று பத்திரிகையில் வருகிற எண்ணோ, ஒரு தடவை கொண்டுவந்த எண்ணைப் பலமுறை பயன்படுத்துகிற பெரிய அணி (மேட்ரிக்ஸ்) கணக்கு ஒன்றில் அளந்தது. எந்திரத்தின் உச்ச வேகத்தில் நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடாத வானிலை நிரல்கள் ஏராளம். நம் நாட்டு வானிலைக் கணினிகளில், 2018-இல் வந்த பிரத்யூஷும் மிஹிரும் சேர்ந்து 6.8 பெட்டாஃபிளாப். 2024 செப்டம்பரில் வந்த அர்கா 11.77, அருணிகா 8.24. கூட்டினால் மூன்று மடங்கு. எட்டு மடங்கு இல்லாமல் கட்டம் பாதியாகாது என்று மேலே சொன்னேனே; ஆனாலும் 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டத்தில் நம் நாட்டின் புது மாதிரியான பாரத் கணிப்பு முறை வந்தது. எந்திரத்தோடு கட்டத்தின் வடிவமும் மாறியது. எண்முகி என்ற எட்டு முக உருவத்தை ஒட்டி அமைத்த வலை அது. மாற்றங்களை இப்படிச் சேர்த்துப் பார்க்காமல் பெட்டாஃபிளாப்பை மட்டும் எழுதுகிற செய்திகளைப் படித்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

சுமையைக் குறைக்கிற வழிகளில் என்னை அசத்தியது 2021-இல் ஐரோப்பிய மையம் செய்தது. பல வருஷமாக ஒவ்வொரு எண்ணையும் 64 பிட்டில் வைப்பதுதான் மரியாதை என்று இருந்தது. பதினைந்து இலக்கம். காற்று வேகத்தை அளக்கிற கருவிக்கே மூன்று இலக்கம் உறுதியில்லை. பதினைந்தைச் சுமந்து யாருக்கு என்ன பயன்? 32 பிட்டுக்கு மாற்றினார்கள். ஓட்ட நேரம் சுமார் 40 விழுக்காடு மிச்சம். மிச்சத்தை வைத்துக் குழுக் கணிப்பின் (தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டுவது) அடுக்குகளை 91-இலிருந்து 137-ஆக உயர்த்தினார்கள். கணிப்பு மேம்பட்டது. துல்லியத்தைக் குறைத்துத் துல்லியத்தை வாங்கியிருக்கிறார்கள்! லோரன்ஸ் தட்டிய அந்த மூன்று இலக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகப் பிறந்த ஜிபியு சில்லுகளில் வானிலையை ஓட்டத் துணிந்த முதல் நாட்டு வானிலைத் துறை சுவிட்சர்லாந்துடையது, 2016-இல், 1.1 கி.மீ. கட்டத்தில். மலை நாட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. அதற்காக ஃபோர்ட்ரான் நிரலின் மையப் பகுதியையே வேறு மொழியில் புதிதாக எழுதினார்கள். அதற்கு ஆன வருஷங்களை எந்திரத்தின் விலைப்பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

இப்போது இயற்பியலே எழுதாமல், பழைய வானத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரிகள். 2023-இல் வந்த கூகுளின் கிராஃப்காஸ்ட், பத்து நாள் கணிப்பை கூகுளே செய்த டி.பி.யு. சில்லு ஒரே ஒன்றில் ஒரு நிமிஷத்துக்குள் தருகிறது. பல அளவுகளில் ஐரோப்பிய மையத்தின் மாதிரியை முந்தியும் விட்டது. 2025 பிப்ரவரியில் அந்த மையமே இந்த வகையில் ஒன்றைத் தினசரி ஓட்டத் தொடங்கியது. என் பழைய வேலையில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு துக்க வீட்டுத் தொனி இருக்கும். எனக்கு அவ்வளவு துக்கம் இல்லை. இந்த மாதிரிகள் உள்ளே செய்வது பெரும்பாலும் அணிப் பெருக்கல், அதாவது ஒரு தடவை தூக்கிவந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற கணக்கு. இன்றைய சில்லு ஆசைப்படுவது அதற்குத்தான். முதல் டி.பி.யு.வின் நடுவே பெருக்கிகள் 256-க்கு 256 என்ற சதுரமாக உட்கார்ந்திருக்கும். ஒன்று தன் எண்ணைப் பக்கத்திலிருப்பதற்குக் கைமாற்றிவிடும், நினைவகத்துக்குத் திரும்பப் போவதே கிடையாது. மொத்தம் 65,536. ரிச்சர்ட்சன் கேட்டது 64,000 பேர்.

ஆனால் அவை கற்றுக்கொண்ட பழைய வானம் எங்கிருந்து வந்தது? உலகெங்கும் எடுத்த அளவீடுகளை இயற்பியல் மாதிரியோடு பிசைந்து ஐரோப்பிய மையம் செய்த மறுபகுப்பாய்வுத் தொகுப்பிலிருந்து. அதன் கட்டம் சுமார் 31 கி.மீ. காயல்பட்டினம், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் அதில் சேர்த்துப் பிசைந்த ஒரு உருண்டை. சராசரிப் பிழையைக் குறைக்கப் பழகிய மாதிரி உச்சத்தை மழுக்கிவிடும் என்பது வேறு. 95 செ.மீ. என்பதை அது பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படிச் சொல்லும் என்பதற்கு இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை, 1 கி.மீ. இயற்பியல் மாதிரியை ஓட்டி அதற்குப் பாடமாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். அதற்கு மறுபடியும் அதே மடங்குக் கணக்கு, மறுபடியும் பலகாரத் தட்டு.

*

போன ஐப்பசியில் அம்மா என்னோடு வந்து இருந்தாள். முழங்கால் வைத்தியம். ஒரு சாயங்காலம் பொழுதுபோகாமல், 1950-இன் அந்த எனியாக் கணக்கை என் மடிக்கணினியில் எழுதி ஓட்டினேன். 270 புள்ளிகள். 2008-இலேயே பீட்டர் லிஞ்ச்சும் ஓவன் லிஞ்ச்சும் ஒரு நோக்கியா 6300 போனில் ஒரு நொடிக்குள் இதை முடித்துக் காட்டியிருக்கிறார்கள், அதனால் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. 1949-ஆம் வருஷத்துத் தரவுக் கோப்பைத் தேடி இறக்கி, சரியான வடிவத்துக்குக் கொண்டுவரத்தான் மூன்று மணி நேரம் போயிற்று.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இது எந்த ஊரு?"

"அமெரிக்காம்மா. பழைய காலத்து மழ."

"அவங்க ஊரு பழைய மழயப் பாத்து நமக்கு என்னட்டி ஆகப்போவுது? நம்ம ஊரக் காட்டு."

6 கி.மீ. வரைபடத்தைத் திறந்து, பெரிதாக்கி, ஆற்றைக் காட்டி, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். இதுதான் நாம.

"இதுல நம்ம வீடு எந்த மூலையில இருக்கு?"

"மூலையெல்லாம் கிடையாதும்மா. முழுக் கட்டத்துக்கும் ஒரே எண்ணுதான்."

"அப்போ ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுக்குடிக்கும் நமக்கும் ஒரே மழையா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க பெஞ்சா இங்க துணி காயும், தெரியும்லா?"